மரவள்ளித் தொட்டியில் கடல்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம், ஊருக்கு வந்த நான் நைனார்பாளையத்திலேயே மாட்டிக்கொண்டேன். சென்னையில், செயற்கையாக அலை எழுப்பிச் சோதிக்கும் கல்லூரியின் அலைத்தொட்டியை எனக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். கடலில் அலையின் உயரத்தை அளக்கும் கருவியைத் தாங்க ஒரு மிதவை செய்து, கையோடு ஊருக்கும் கொண்டுவந்திருந்தேன். அன்றைக்கு அது கவிழ்ந்தால் ஓராண்டு உழைப்பும் போச்சு. பஸ் இல்லை. சும்மா உட்காரவும் எனக்கு வராது.

மாமாவின் ஜவ்வரிசி ஆலையும் நின்றுபோயிருந்தது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி இறங்கவில்லை. மாவு படியவிடும் நீளத் தொட்டி காலி. தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் பலகையை நிறுத்தி, முன்னும் பின்னும் தள்ளி அலை எழுப்பினேன். முதல் நான்கு அலைகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது, மிதவை தலைகுப்புற விழுந்தது. அடியில் ஈயக் குண்டுகளைக் கூட்டினேன், குறைத்தேன், குண்டு தொங்கும் கம்பியை நீட்டினேன். இரண்டு நாளும் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆத்திரத்தில் பலகையை உதைத்து, கால் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கிழங்குத் தோல் சீவும் அக்கா ஒருவர் வேலையில்லாமல் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

“இன்னா தம்பி, கடலுக்கு அந்தாண்ட செவுரு வச்சிக்கினு இருக்காங்களா?”

எனக்கு என்மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. போன அலை எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு முட்டுகிறது. பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான்!

மாவு பிழிந்தபின் மிஞ்சும் திப்பி, புளித்துப்போய் மூட்டைமூட்டையாகக் கிடந்தது. இருவரும் இழுத்து, எதிர்முனையில் கடற்கரைபோலச் சரிவாக அடுக்கினோம். அலை அதில் ஏறி, நுரைத்து, அங்கேயே அடங்கியது. முதலில் போட்டிருந்த அதே எடைக்குத் திரும்பினேன். மிதவை சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, நிமிர்ந்தது. இரண்டு நாள் திருத்தியதெல்லாம் வீண்.

நூறு அலை தாங்கினால்தான் மிதவையை நம்ப முடியும்; எண்ண ஆரம்பித்தோம். பாதியில் லாரி ஹாரன் கேட்டது; மரங்களை அகற்றிவிட்டார்களாம். தொட்டியைத் திறந்துவிடச் சொல்லி மாமா கத்திக்கொண்டே வந்தார். அக்கா வடிகால் அடைப்பின்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார்.

“இருங்க மொதலாளி. தம்பிக்கு இன்னும் அம்பது அலை பாக்கி.”

மாமா என்னைத் திட்டியபடியே நின்றார். நான் தள்ளினேன், அக்கா எண்ணினார்.

கல்லூரித் தொட்டியிலும் மிதவை கவிழவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் முதலில் கேட்டது, மிதவையில் ஏன் இப்படிப் புளித்த நாற்றம் என்றுதான்.