தர்மா அண்ணா வீட்டு பாய்லர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்த் துணி மடிக்கிற ஆள் நான். ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே அவ்வப்போது யாராவது இறந்துபோவார்கள். இறந்தவரின் அறைக்குள் தனியாகப் போக மற்ற வேலையாட்கள் தயங்குவார்கள், நான்தான் போய்ப் படுக்கையை உருவிப் போட்டு, அலமாரியைக் காலி செய்து, அடுத்த ஆளுக்கு அறையைத் தயார் செய்வேன். ஒரு சிலிர்ப்புகூட வந்ததில்லை. அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ஆக்லாந்தின் பக்குரங்கா பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தது தர்மா அண்ணாவின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். நானும் என் கணவர் செந்திலும் திருச்சியிலிருந்து வந்த புதிது, மகள் நிலாவுக்கு அப்போது இரண்டரை வயது. இந்த ஊரில் முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால்தான் அடுத்த வீடு கிடைக்கும், புதிதாக வந்தவர்களுக்கு அதை யார் சொல்வார்கள்? பார்த்த வீடெல்லாம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கோயில் சாப்பாட்டு வரிசையில் செந்தில் பேச்சுக் கொடுத்த மனிதர் இவர். "என்ர வீடு கன காலமா சும்மாதான் பூட்டிக் கிடக்கு தம்பி, வந்து இருங்கோ" என்று மறுநாளே சாவியைக் கொடுத்தார். மாதம் ஒருமுறை வருவார், பையில் கறிவேப்பிலையோ கத்தரிக்காயோ இருக்கும். ஆனால் வீட்டுக்குள் வரமாட்டார். பின்வாசல் படியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த வீட்டில் ஒரு கேஸ் பாய்லர் இருந்தது. சமையலறையை ஒட்டி, துணி துவைக்கிற இடத்தில், அலமாரி மாதிரி ஓர் அடைப்புக்குள் நின்றது. குளிக்கிற வெந்நீர் அதிலிருந்துதான் வந்தது, அறைகளில் சுவரோரம் இருந்த இரும்புத் தகடுகள் சூடாவதும் அதனால்தான். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஊரில் குளிர்காலம் மே மாதத்தில்தான் தொடங்கும், குளிர் ஆரம்பித்து ஜன்னல்களை மூடியதும் எனக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. காலையில் எழும்போதே வலிக்கும், சில நாள் வாந்தியும் வரும், வேலைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும், வீடு திரும்பியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். நிலா எப்போதும் தூங்கி வழிந்தாள். பாய்லருக்கு மேலே சுவரில் அடுப்புக்கரி தேய்த்தது போல ஒரு கறை ஏறிக்கொண்டே போனது.

எங்கள் இல்லத்தில் ரிப்பேர் வேலை பார்க்கிறவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, தீ நீலமாக எரிகிறதா மஞ்சளாகவா என்று. மஞ்சள் என்றேன். "மஞ்சள் என்றால் கேஸ் சரியாக எரியவில்லை, இன்றைக்கே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆள் அனுப்பச் சொல்" என்றார்.

அன்று சாயங்காலமே தர்மா அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"தங்கச்சி, அது நல்ல பாய்லர். இருவது வருசமா ஓடுது, ஒண்டும் நடக்காது."

"இல்லண்ணா, தீ மஞ்சளா எரியுது. சுவரெல்லாம் கரி. கேஸ் வேலை தெரிஞ்சவர் யாரையாவது ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லுங்க."

"ஓம் ஓம். அடுத்த கிழமை ஆள் அனுப்புறன்."

அடுத்த வாரம் யாரும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும். செந்தில் மெசேஜ் அனுப்பினார், அதற்கும் அதே பதில். நான்காவது முறை நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவர், "நான் உங்களை வாடகைக்கு இருக்கிற ஆக்கள் மாதிரியா பாத்தனான்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஒரு பாய்லரைப் பார்க்கச் சொன்னால் ஒரு மனிதர் ஏன் பயப்படவேண்டும்?

இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பதினான்கு நாளுக்குள் சரிசெய்து தாருங்கள் என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம், செய்யாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நானே உட்கார்ந்து போனில் அந்தக் கடிதத்தை எழுதினேன். செந்தில் அனுப்ப விடவில்லை.

"யாருமே வீடு தராதப்ப குடுத்த மனுஷன், சுதா. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணுன்னுட்டா இந்தக் குளிர்ல பிள்ளையை வச்சுக்கிட்டு எங்க போறது? ஒரு வாரம் பொறு. நானே நேர்ல போய்ப் பேசுறேன்."

நானும் சரி என்றேன். செந்திலை மட்டும் குறை சொல்லக்கூடாது, ஒரு பட்டனை அழுத்தினால் போயிருக்கும், என் கையில்தான் போன் இருந்தது. விஷவாயு சேர்ந்தால் கத்துகிற அலாரம் கடையில் விற்கிறது, அதில் ஒன்றாவது வாங்கியிருக்கலாம், அதையும் வாங்கவில்லை. இப்போதும் சில நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கடிதத்தின் முதல் வரி தானாக மனதில் ஓடும்.

அது ஒரு சனிக்கிழமை, காலை பத்து பத்தரை இருக்கும். செந்தில் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். வெளியே விடாமல் மழை. நிலா பாதி இட்லியிலேயே தூங்கிவிட்டாள், கிழக்குப் பக்கத்து அறையில் படுக்கவைத்து, குளிருக்காகப் பாய்லர் சூட்டைக் கூட்டிவிட்டு நானும் பக்கத்தில் சாய்ந்தேன். தலை பாறை மாதிரி கனத்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது.

யாரோ ஜன்னல் கண்ணாடியில் தட்டினார்கள். கண்ணைத் திறந்தேன். வெளியே ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும், பூப்போட்ட நைட்டி, மேலே நீல நிற ஸ்வெட்டர், அதன் மேல் பட்டன் மட்டும் வேறு நிறத்தில், பழுப்பாக. முன்பின் பார்த்ததில்லை. ஜன்னல் மூடியிருக்கிறது, மழை கொட்டுகிறது, ஆனால் நம்பினால் நம்புங்கள், குரல் என் காதோரம் கேட்டது.

"பிள்ளை, எழும்புங்கோ. ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வெளியில வாங்கோ. கெதியா."

எனக்கு ஒரு பிள்ளைதானே, இவள் யார் வீட்டைத் தேடி வந்தாள் என்றுதான் அந்த மயக்கத்திலும் எனக்குத் தோன்றியது. வாய் திறந்து சொல்ல வரவில்லை. அவள் மறுபடி தட்டினாள், இந்த முறை உள்ளங்கையால், அடிப்பது மாதிரி. எழுந்தேன், கால் நிற்கவில்லை, விழுந்தேன். நிலாவை எழுப்பினேன், எழவில்லை. அவள் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து, கம்பளத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு பின்வாசல் வரை எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கதவு திறந்தே கிடந்தது. காலையில் தாழ்ப்பாள் போட்டது நான்தான். படியில் உருண்டு ஈரப்புல்லில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது, முகத்தில் மழை விழுந்தது. தலையைத் திருப்பி அவளைத் தேடினேன். ஜன்னலடியில் யாரும் இல்லை.

கண் விழித்தபோது ஆம்புலன்ஸில் இருந்தேன், மூக்கில் ஆக்சிஜன். பக்கத்துப் படுக்கையில் நிலா கத்தி அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. தீயணைப்புக்காரர்கள் வீட்டுக்குள் அளந்து பார்த்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று செந்திலிடம் சொன்னார்களாம். புகைக்குழாயின் மேல் முனையில் பழைய குருவிக்கூடு அடைத்திருந்தது. வெளியே போகவேண்டிய விஷவாயு அத்தனையும் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வாயு மூளைக்குப் போனால் இல்லாத ஆட்கள் தெரிவார்கள், குரல்கள் கேட்கும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பது எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"நீங்கள் கர்ப்பமாக இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. பத்து வாரமாம். தலைவலி, வாந்தி எல்லாவற்றையும் நான் பாய்லர் கணக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்றார். இருந்தது என்று தெரிந்ததும் இல்லை என்று தெரிந்ததும் ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. செந்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு மட்டும் அந்தக் குரல்தான் கேட்டது, ரெண்டு பிள்ளையளையும். என் வயிற்றில் ஒன்று இருப்பது எனக்கே தெரியாதபோது என் மூளைக்கு அதை யார் சொன்னது? டாக்டரிடம் இதைக் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு கெவின் பார்க்க வந்தார். தனியாக வாழும் வயதான வெள்ளைக்காரர், அவர்தான் ஆம்புலன்ஸை அழைத்தவர். நாங்கள் புல்லில் கிடந்ததைப் பார்த்து உதவியதற்கு நன்றி சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் பார்க்கவில்லை. உங்கள் உறவுக்காரப் பெண்தான் வந்து கதவைத் தட்டினாள், நீல ஸ்வெட்டர் போட்டவள். அவள் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் உங்கள் வீட்டைக் கைகாட்டினாள். அவளும் நலமா?" என்றார். அவர் வீட்டில் கேஸே கிடையாது, எல்லாம் கரண்ட். இப்போது சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் தர்மா அண்ணா வந்தார். கையில் ரசம் இருந்த பிளாஸ்க். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றார். செந்தில் அவரை அடிக்கத்தான் போனார், நர்ஸ் ஓடிவந்தாள். நான் அவரை உட்காரச் சொன்னேன். ஒரு பெண் வந்து எழுப்பினாள், உங்கள் ஊர்ப் பேச்சு பேசினாள், யார் அவர் என்று கேட்டேன். ஸ்வெட்டரைச் சொன்னேன். மேல் பட்டன் மட்டும் பழுப்பு என்றதும் அவர் கையிலிருந்த பிளாஸ்க் நழுவித் தரையில் உருண்டது.

"அந்தப் பட்டனைத் தைச்சுக் குடுத்தது நான்" என்றார். "என்ர கோட்டில இருந்து வெட்டி எடுத்தது."

அவருடைய மனைவி, பெயர் தவம். நாங்கள் வருவதற்கு நான்கு வருடம் முன்னால் அதே வீட்டில், அதே கிழக்கு அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"தலையிடி, தலையிடி எண்டு ஒரு மாதமாச் சொன்னவ. நான் குளிசை வாங்கிக் குடுத்தன். பாய்லரை ஆரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கோ எண்டு கேட்டவ, பிள்ளை. நான் அடுத்த கிழமை எண்டனான்."

அவர் குனிந்து, உருண்டு கிடந்த பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் கேக்கேக்கையும் எனக்கு அவவின்ர குரல்தான் கேட்டது. ஆள் வந்து பாத்து, பாய்லர் பிழை எண்டு சொன்னா... அப்ப நான்தானே அவவை... அதைக் கேக்க எனக்குத் தைரியம் வரேல்லை. அதாலதான் கூப்பிடேல்லை."

மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். அவர் மனைவிக்காக என் மனம் வெந்தது, என் பிள்ளைக்காக அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, இரண்டும் உண்மை. தீர்ப்பாயத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நானும் செந்திலும் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். இப்போது ஊரின் இன்னொரு பக்கத்தில், கிளென்ஃபீல்டில் இருக்கிறோம், எல்லாம் கரண்டில் ஓடுகிற சின்ன வீடு. செந்தில் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஒரு வாரம் பொறு என்று சொன்னதைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

தர்மா அண்ணா பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்கே குடிபோய்விட்டார். அந்த அறையில்தான் படுக்கிறார். எனக்கு எப்போதாவது போன் செய்வார், எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்துவிடுவேன். தவம் எங்கே நின்றாள், முகம் எப்படி இருந்தது, தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்பார். கேட்கவில்லை என்று உண்மையையே சொல்லிவிட்டேன்.

போன வாரம் காலையில் அழைத்தார். குரல் நடுங்கியது, குளிரா அழுகையா என்று தெரியவில்லை.

"பிள்ளை, நான் எல்லா யன்னலையும் இறுக்கிப் பூட்டிப்போட்டுத்தான் படுக்கிறனான். விடிய எழும்பினா ஒண்டு விடாமல் எல்லாம் திறந்து கிடக்குது. கட்டிலெல்லாம் மழைத்தண்ணி."

வயதானவர், தனிமை, தூக்கத்தில் எழுந்து தானே திறந்திருப்பார், இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"இப்ப பாய்லர் இல்லை, கேஸ் இல்லை, குழாயையும் வெட்டியாச்சு எண்டு ஒவ்வொரு நாளும் அவவுக்குச் சொல்லுறன், பிள்ளை. அவ நம்புறா இல்லை."