சோறு ஊட்ட வந்த போலீஸ்

போன வருடம் ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முகம் சுருங்கிப் போகிறது.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் நான் கணக்கு பார்க்கிறேன். என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குச் சோறு ஊட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்கிற அவசரத்தில் நான் கண்டுபிடித்த வழி, செல்போனில் கார்ட்டூன். அதில் தொப்பையும் முறுக்கு மீசையுமாக ஒரு போலீஸ்காரர் வருவார். சேட்டை செய்கிற பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி ஜீப்பில் அள்ளிப் போடுவார். அவர் மேல் லாரியே ஏறினாலும் அப்பளமாகிவிட்டு மறுபடி எழுந்து ஓடுவார். இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டால் நான் அவரைக் காட்டி, "துன்னாட்டி போலீஸ் வந்து உன்ன புடிச்சிக்கினு போய்டும்" என்பேன். டக்கென்று வாய் திறந்துவிடும். என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக்கூட இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தேன்.

அன்று தரிசனம் முடிந்து பிரசாதம் வாங்கும்போது அவள் கையை விட்டேன். லட்டுப் பையோடு திரும்பினால் பிள்ளையைக் காணோம். சரியான கூட்டம். பக்கத்திலேயே குளம் வேறு. பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். யாரோ ஒருவர் என்னைக் கோயில் வாசலில் இருந்த போலீஸ் பூத்துக்கு அழைத்துப் போனார். மஞ்சள் பாவாடை போட்ட பாப்பா உடனே போலீஸ் பூத்துக்கு வர வேண்டும் என்று, அவள் பேரையும் சேர்த்து, மைக்கில் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவள் வரவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பெண் போலீஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"மஞ்சப் பாவாடையா? செருப்பு விடற எடத்தாண்ட பாத்தேன். தூக்கப் போனா கைய கடிச்சிட்டு ஓடிட்சிம்மா. 'நான் எல்லாம் துன்னுட்டேன், என்ன புடிச்சிக்கினு போவாத'ன்னு ஒரே கத்து. என்னான்னே புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. மைக்கில் போலீஸ், போலீஸ் என்று நாங்கள் கூப்பிடக் கூப்பிட, என் பிள்ளை இன்னும் உள்ளே உள்ளே போய் ஒளிந்திருக்கிறாள்! அடிப்பாவி, என்ன காரியம் செய்து வைத்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தே அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, அன்னம் ஊட்டறதுக்கு எங்க பேர சொன்னியா?"

தலையை ஆட்டினேன். நல்லா நாலு வார்த்தை கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்கை வாங்கி என் கையில் கொடுத்தார். "நீயே கூப்புடு. நெஜத்த சொல்லு" என்றார்.

"பாப்பா, அம்மா பேசறேன். போலீஸ் உன்ன புடிக்காதும்மா. அம்மாதான் பொய் சொன்னேன். நீ துன்னாட்டியும் யாரும் புடிச்சிக்கினு போவ மாட்டாங்க. வந்துரு கண்ணு."

கோயில் முழுக்க என் குரல் ஒலித்தது. வரிசையில் நின்ற ஜனமெல்லாம் பூத்தை எட்டிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தேங்காய்க் கடைக்கார அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கடைப் பலகைக்கு அடியில் இருந்து தானாகவே வெளியே வந்தாளாம். வாரி அணைத்து முத்தம் கொடுத்தேன். அவளோ என் தோளுக்கு மேலே அந்தப் பெண் போலீஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் பதிந்து சிவந்து வீங்கியிருந்தது.

"போலீசுக்கு வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் பாப்பா வலிக்காது? நல்லாவே வலிச்சிது" என்று சிரித்துக்கொண்டே அவர் கையை நீட்டினார். என் மகள் குனிந்து அந்தக் கையில் ஊதிவிட்டாள்.

கடி வாங்கிக்கொண்டு என் பிள்ளைக்காக அந்த வெயிலில் ஓடி வந்த பெண்ணிடம், வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான், ஊரே கேட்க மைக்கில் அழுததைவிட இன்றைக்கும் எனக்குப் பெரிய வெட்கமாக இருக்கிறது.