தங்கச்சியின் மேல்மாடி

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். நாவற்குடாவில் வாவியோரம் கட்டிய வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டு, மேல்மாடி தங்கச்சிக்கு என்று தூண்களின் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேலே நீட்டி விட்டார் அப்பா. அதன் பிறகு அவர் செத்துப்போனார். தங்கச்சிக்குக் கலியாணமும் சரிவரவில்லை, மேல்மாடியும் எழும்பவில்லை. கம்பிகள் மட்டும் உப்புக் காற்றில் நின்றன. அம்மா அவற்றில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டார். என் வெள்ளைச் சேலைகளில் எல்லாம் துருக்கறை.

போன மாரி மழையில் என் அறைத் தூண் வெடித்தது. கட்டிலடியில் ஒரு துண்டுக் கொங்கிறீட் விழுந்து கிடந்தது. மேசன் வந்து தட்டிப் பார்த்தார்.

"மேல நிக்கிற கம்பியால துரு உள்ளுக்க இறங்கியிருக்கு. கம்பி ஊதிப் பெருத்தா தூண் வெடிக்கும். மேல நிக்கிறத வெட்டி மூடணும்," என்றார்.

"அதில கை வைக்க வேணாம். அது சின்னவட வீடு," என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டாத வீடு ஒன்று எங்கள் தலையில் இடிந்து விழப் பார்க்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்தால், வீடு கிடைத்தவள் பேசுகிறாள் என்றாகிவிடும்.

தங்கச்சி படியேறினாள். நாங்களும் பின்னால் போனோம். அவள் மூலைத் தூணின் கம்பியொன்றை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். அது அடியோடு முறிந்தது. முறிந்த இடத்தில் ஈர்க்கிலளவுதான் இரும்பு மிஞ்சியிருந்தது. கம்பியை அம்மாவின் கையில் வைத்தாள்.

"இந்தாங்கம்மா, என்ட வீடு," என்றாள்.