கட்சாலின் பத்து மணி வெயில்

நான் ஓய்வு பெற்ற நாளில் எங்கள் இயக்குநர் சட்டம் போட்ட படம் ஒன்றைத் தந்தார். விண்ணிலிருந்து எடுத்த கட்சால் தீவு. பெயருக்குக்கூட ஒரு மேகம் கிடையாது. டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டுக் கூடத்தில் அதை மாட்டியிருக்கிறேன். மரியாதைக்காக அல்ல, அந்த மனிதரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

கட்சால் சுகாதார நிலையத்தைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுமுன், அங்கே தரைக்கு எவ்வளவு வெயில் வருகிறது என்று எங்கள் அலுவலகம் சொல்ல வேண்டியிருந்தது. மேகம் வெயிலை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும், மீதிதான் நமக்கு. ஆகவே எந்தச் செயற்கைக்கோளின் மேகப் படங்களை எடுத்துக்கொள்வது என்பதுதான் முழுக் கேள்வியும். ஒன்று தினமும் காலை பத்து மணி வாக்கில் ஒரே முறை கடந்து போகும்; படம் கண்ணாடி. இன்னொன்று ஒரே இடத்தில் நின்று அரை மணிக்கொரு படம் அனுப்பும், சற்றுக் கலங்கல். அங்கே மேகம் திரள்வது மத்தியானத்துக்கு மேல். பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அது எங்கே தெரியும்?

இதைக் கோப்பில் எழுதினேன். இயக்குநர் ஓரத்தில் ‘நேரில் பேசவும்’ என்று குறித்துத் திருப்பினார். ஒரு குறிப்பைக் கொல்ல அரசாங்கத்தில் இதைவிடச் சுத்தமான வழியில்லை. நேரில் போனேன். கலங்கலான படத்தைச் சுண்டுவிரலால் தள்ளினார்.

“இத மெயின்லேண்டுக்கு அனுப்புனா சிரிப்பாங்க சார். எப்பப் பாத்தாலும் மேகம், மழைன்னு. ஒங்களுக்கு வெயிலே ஆகாதா?”

அறையில் இருந்தவர்கள், அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள். தெளிவான படங்களே தேர்வாயின. கட்சாலில் சூரியத் தகடுகள் பதித்தார்கள். இனித் தேவையில்லை என்று அங்கிருந்த ஜெனரேட்டரைக் கப்பலேற்றி இங்கே ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இறக்கினார்கள். எனக்கு ஓய்வும் இந்தப் படமும் கிடைத்தன. அவருக்குப் பதவி உயர்வும் மெயின்லேண்டும்.

போன வாரம் கட்சால் நர்ஸ் போன் செய்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்.

“மத்தியானம் மூடிக்கிட்டா பேட்டரி நெறையறதே இல்லண்ணே. ராத்திரி பிஜிலி போயி ஃப்ரிட்ஜும் நின்னுருது. புள்ளைங்களுக்கு வச்சிருந்த தடுப்பு மருந்து பூரா கெட்டு, குழி வெட்டிப் பொதச்சேன். ஜெனரேட்டரத் திருப்பிக் கேக்க யாருக்கு எழுதணும்?”

எந்தப் பிரிவு, யார் வழியாக, எத்தனை நகல், எல்லாம் சொன்னேன். கடைசிக் கையெழுத்து இப்போது அந்தப் பழைய இயக்குநருடையதுதான் என்பதையும் சொன்னேன். ‘நேரில் பேசவும்’ என்று பதில் வந்தால் கட்சாலிலிருந்து எந்தக் கப்பலைப் பிடிப்பது என்று நர்ஸ் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது மதியம் இரண்டு மணிதான். வெளியே கறுத்துக்கொண்டு வர, கூடத்தில் விளக்கைப் போட்டேன். சுவரில், இயக்குநர் தந்த கட்சாலில், இன்னும் காலை பத்து மணி.