கல்பனா பேரில் ஒரு கான்ட்ராக்டர் லைசென்ஸ்

இன்று மாகறலிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கல்பனா. பாலிடெக்னிக்கில் என்னோடு சிவில் படித்தவள்.

அரசு வேலைக்கு டெண்டர் போடும் கான்ட்ராக்டர் லைசென்ஸ் அவள் பேரில் இருக்கிறது. அதை வைத்து வேலை எடுப்பவர் அவள் கணவரின் அண்ணன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் இவள் பங்கு.

அப்படி எடுத்த ஒரு வேலையில், போன வாரம் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண் ஒருவர் இறந்துபோனார். பக்கவாட்டில் முட்டுக் கொடுக்காமலே ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிக்கினு இருக்கேன்" என்றாள்.

"உன் மச்சாண்டார் வரலையா?"

"எந்தப் பேப்பர்லயும் அவர் பேரு இல்லையேப்பா. என் பேருதான் இருக்குது. அவர் எதுக்கு வரணும்னு வீட்ல கேக்கறாங்க."

பிறகு, "செத்துப்போன அந்தம்மா பேரு உனக்குத் தெரியுமா? எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள்.

இறந்தவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்தான். "மல்லிகா" என்றேன்.

"பசங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேர்."

கூட வரட்டுமா என்றேன். வேணாம்பா என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கிப் போனாள்.

டெண்டர் போட அனுபவச் சான்று, சொத்து மதிப்பு என்று எவ்வளவோ கேட்கிறார்கள். சைட்டில் நிற்கப் போவது யார் என்று கேட்கிறார்களா? டெண்டர் போடும் நண்பர்கள் சொல்லுங்கள். கேட்டால், அங்கேயும் வீட்டுப் பெண்கள் பேரைத்தான் எழுதுகிறீர்களா?