பெட்டியில் போட்ட சீட்டு

இலங்கையிலிருந்து வந்த ரோசலினும் அவள் மூன்று வயது மகளும் எங்கள் கோயிலின் மறைக்கல்வி அறையில் ஒளிந்திருந்தது பங்குத்தந்தைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவளைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்திருந்தது. நான் தினமும் சோறு கொண்டுபோவேன். என் மகளுக்கும் அதே வயது. அதனாலோ என்னவோ, எனக்குத் தூக்கமே போயிற்று.

ஒரு சனிக்கிழமை, ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்வதற்காக எழுதிப் போடும் கருத்துச் சீட்டில், 'ரோசலினும் மகளும் இலங்கைக்கு அனுப்பப்படாமல் இருக்க' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். பாதர் முதலில் பார்த்துப் பெயரை எடுத்துவிட்டுத்தானே வாசிக்கக் கொடுப்பார் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசையில், பாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அதை அப்படியே மைக்கில் வாசித்தார். கோபுரத்து ஒலிபெருக்கி கடைத்தெரு வரை கேட்கும். பாதர் கண்களை மூடிக்கொண்டார்.

அறைக்கு ஓடினேன். ரோசலின் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கச்சி மாதிரி பண்ணிட்டேன் தாயி. செத்த நேரம் இரு, பாதர் வந்துருவாரு."

"கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும் அக்கா. மைக் தேவையில்லை" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பூசை முடியும் முன்பே, மகளைத் தூக்கிக்கொண்டு கல்லறைப் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள். மதியம் போலீஸ் வந்தது. ரோசலினும் மகளும் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது.

இப்போதும் சனிக்கிழமைதோறும் அவர்களுக்காகச் சீட்டு எழுதுகிறேன். பெயர் போடுவதில்லை. அப்படியும் பெட்டியில் போடக் கை வராமல், கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறேன்.