ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நட்சத்திரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன்கூட இல்லை, தன் மடத்தனத்தை ஆபீஸ் மெஷினில் ஆறு காப்பி ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குத் தபாலில் அனுப்பிவைத்த மடையன். டாலஸுக்கு வடக்கே எங்கள் அபார்ட்மென்டின் தபால் பெட்டியை ஒருநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் திறந்தேன். மகள் பியூலா படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு தாள். இந்த நாட்டில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை இனவாரியாகப் பிரித்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். வெள்ளையர் ஒரு வரிசை, கறுப்பர் ஒரு வரிசை, ஹிஸ்பானிக் ஒரு வரிசை, கடைசியில் ஆசியர். ஒவ்வொன்றுக்கும் நேரே, கணக்கில் இத்தனை சதவீதம் தேர்ச்சி, வாசிப்பில் இத்தனை. நம்மூரில் இப்படிச் சாதிவாரியாக ஒரு தாள் அடித்து வீடுவீடாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தபடியே எங்கள் வரிசைக்கு வந்தேன். எண்ணே இல்லை. கட்டத்துக்குக் கட்டம் ஒரு நட்சத்திரக் குறி. மற்றவர்களுக்கெல்லாம் வெறும் நம்பர், நமக்கு நட்சத்திரம்! அடியில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரி இருந்தது. இன்ஷூரன்ஸ் பத்திரத்திலிருந்து விசாத் தாள் வரை பொடி எழுத்து எதையும் படித்த பழக்கம் எனக்கில்லை.

மத்தியானத்துக்குள் ஆறு காப்பியும் தபாலில் போய்விட்டன. சாயங்காலம் தாளோடு வீட்டுக்குள் நுழைந்தேன். "கிரேஸ், இங்க பாரு, நம்ம பிள்ளைக்கு ஸ்டார் போட்டிருக்கான். ஒங்க அண்ணனுக்குக்கூட ஒரு காப்பி அனுப்பிட்டேன்."

"நெசமாவா?" என்ற என் மனைவி, தாளைப் பார்க்கும் முன்பே கேசரிக்கு ரவை வறுக்கப் போய்விட்டாள். பியூலா மட்டும் அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். "ம்" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "ம்"தானே என்று விட்டுவிட்டேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் எங்களிடம் இருந்தது ஒரே காந்தம். அதன் கீழே ஒரு வாரமாக ஒரு படிவம் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பக்கத்து ஊரான ஆலனில் ஒரு பள்ளிக்கு அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வதற்கு. எங்கள் வீட்டு முகவரிக்கு உரிய எல்லைக்குள் வராத பள்ளி என்பதால் படிவமும் கடைசித் தேதியும். "சர்ச்சுக்கு வர்ற ரெண்டு தமிழ்ப் பிள்ளைக அங்க படிக்குதுப்பா" என்றதுதான் பியூலா சொன்ன ஒரே காரணம். நட்சத்திரம் வாங்கிய பள்ளியை விட்டுப் போவார்களா? படிவத்தை எடுத்து டிராயருக்குள் போட்டேன். காந்தத்தை நட்சத்திரத்துக்குக் கொடுத்தேன்.

இந்தப் பள்ளியைப் பிடித்ததும் நான்தான். சார்ட்டர் ஸ்கூல் என்றார்கள். பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனி. பாளையங்கோட்டைக்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? நம்ம எய்டட் ஸ்கூல்! போதாததற்கு யூனிஃபார்ம் வேறு, மெரூன் சட்டை, காக்கி பேன்ட். டெக்ஸாஸில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஊர் வழக்கப்படி, விண்ணப்பம் கொடுக்கிற நாளில் விடியும் முன்பே போய் வாசலில் வரிசையில் நின்றேன். வரிசை என்பது நான் ஒருவன். கதவைத் திறக்க வந்த காவலாளி என்னை இரக்கத்தோடு பார்த்து, "கார் நின்றுபோய்விட்டதா சார்?" என்று கேட்டார்.

எண் இல்லாத கட்டத்தைப் பார்த்த உடனேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் என் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்தது, அடுத்த நம்பரும் இருந்தது, நடுவில் நான் இல்லை. அச்சுப்பிழை என்று சொல்லி இரண்டு நாள் வீட்டை ஏமாற்றினேன். பேப்பரில் எண் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அத்தனை சின்ன வயதிலேயே படித்தவன், இங்கே வந்து எண் இல்லாத கட்டத்துக்குக் கேசரி கிண்ட வைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் சந்திப்புக்கு நானும் பியூலாவும் போனோம். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் ரோண்டாவிடம் தாளை நீட்டி, "இந்த நட்சத்திரத்துக்கு ரொம்ப நன்றி" என்றேன். அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. நான் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"மன்னிக்க வேண்டும் சார், அது எங்கள் கையில் இல்லை. ஒரு பிரிவில் மிகச் சிலரே இருந்தால் எண்ணை வெளியிடக் கூடாது, அதற்குப் பதில் இந்தக் குறிதான் போட வேண்டும். யாருடைய மதிப்பெண் என்று தெரிந்துவிடும் அல்லவா?"

"சிலர் என்றால் எத்தனை பேர்?"

ரோண்டா பியூலாவைப் பார்த்தார். பியூலா தன் மெரூன் கைமடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவள் ஒருத்திதான்."

பிறகு என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, பியூலா கணக்கில் கெட்டிக்காரி என்றார், யாரும் அவளைத் தொந்தரவு செய்வதில்லை என்றார். கான்டீனில் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பாஷை, ஒரு கூட்டம்; அதனால் மதியம் அவள் நூலகத்தின் பின்னறையில்தான் சாப்பிடுவாள், நூலகருக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம் என்றார். டிபன் பாக்ஸ் தினமும் வழித்துத் துடைத்த மாதிரி வருவதைப் பார்த்து, பிள்ளை சிநேகிதிகளோடு பகிர்ந்து சாப்பிடுகிறாள் என்று நானும் கிரேஸும் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. டிராயரில் கிடந்த படிவமும் ஞாபகம் வந்தது. அதன் கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. இன்னும் ஒரு முழு வருஷம், அதே பின்னறை.

காருக்கு நடந்தோம். அந்த வாரம்தான் மச்சானிடமிருந்து கடிதம் வந்திருந்தது. என் ஜெராக்ஸைச் சட்டம் போட்டு, ஹாலில் சர்ச் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். அங்கே பாளையங்கோட்டைச் சுவரில் அந்த நட்சத்திரம் எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் கிடைத்த மரியாதை. இங்கே அது, தனியாகச் சோறு தின்கிற ஒரு பிள்ளை.

காரில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏட்டி, அந்தத் தாளப் படிச்ச அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"ம்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

பியூலா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"நீங்கதான் ஜெராக்ஸ் அனுப்பிட்டீங்களேப்பா."